சாக்ஸ் பின்னுவோர் கேட்பவை: முதல் கண்ணியிலிருந்து கடைசி நூல்முனை வரை

மஃப்ளரும் தொப்பியும் பின்னிப் பழகியவர்கள் சாக்ஸுக்கு வரும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தொடங்கிப் பாதியில் நின்ற சிறு கைவேலைகளை முடிப்பது எப்படி என்ற கேள்வியும் இவற்றுக்கு நடுவே வரும். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்கிறேன். வட்டமாக ஒருமுறை பின்னி வந்தால் சுற்று. திருப்பித் திருப்பிப் பின்னினால் வரி.

நான் இதுவரை மஃப்ளர் மட்டுமே பின்னியிருக்கிறேன். நேராகச் சாக்ஸ் தொடங்கலாமா?

தொடங்கலாம். நிட் (நேர்க்கண்ணி), பர்ல் (அதன் தலைகீழான கண்ணி) இரண்டும் கை தடுமாறாமல் வந்தால் போதும். புதிதாகக் கற்க வேண்டியவை நான்கே: வட்டமாகப் பின்னுவது, குதிகாலைத் திருப்புவது, ஓரத்திலிருந்து கண்ணிகளை எடுப்பது, விரல் முனையை மூடுவது. மெல்லிய நூலில் பெரியவர்களுக்கான ஒரு சாக்ஸில் ஏறத்தாழ 10,000 கண்ணிகள் இருக்கும். அந்த எண்ணிக்கை மலைப்பாக இருந்தால், முதல் ஜோடியைத் தடித்த கம்பளி நூலில் 4 மி.மீ. ஊசி கொண்டு பின்னிப் பாருங்கள். சுமார் 40 கண்ணிகளில் பெரியவர் கால் அடங்கிவிடும், வீட்டுக்குள் அணியலாம். குதிகாலின் அமைப்பு தடித்த நூலில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்பது இதில் இன்னொரு நன்மை.

எந்த நூல் வாங்க வேண்டும்?

சாக்ஸ் நூல் என்றே விற்கப்படும் மெல்லிய நூலில் பெரும்பாலும் 75 சதவீதம் கம்பளியும் 25 சதவீதம் நைலானும் கலந்திருக்கும். 100 கிராம் உருண்டையில் சுமார் 400 மீட்டர் வரும். நடுத்தரப் பாதத்துக்கு ஒரு ஜோடிக்கு அது போதும். பெரிய பாதம் அல்லது முழங்கால் வரை நீளம் என்றால் இரண்டாவது உருண்டை தேவை. அப்போது சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். கடையில் ஒரே நிறமாகத் தெரிவது பின்னிய பிறகு இரு நிறமாகத் தெரியும்.

ஏன் கம்பளி? கம்பளி இழை இயல்பிலேயே சுருள் சுருளாக இருப்பதால், இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அதனால்தான் வியர்த்த பாதம் கம்பளிச் சாக்ஸுக்குள் நசநசக்காது. நைலான் சேர்ப்பது தேய்மானத்தைத் தாங்குவதற்காக. தனிப் பருத்தி நூல் குளிர்ச்சியாக இருந்தாலும் அதற்கு மீளும் தன்மை குறைவு. பிற்பகலுக்குள் கணுக்காலில் தளர்ந்து தொங்கும். பருத்திதான் வேண்டும் என்றால் சிறிது எலாஸ்டிக் இழை கலந்ததை எடுங்கள், ரிப் பகுதியை (நிட், பர்ல் மாறி மாறி வரும் நெகிழ்வான மேல் பட்டையை) நீளமாகப் பின்னுங்கள்.

வாங்கும்போது நூலின் முறுக்கையும் பாருங்கள். பல இழைகள் இறுக்கமாக முறுக்கப்பட்ட நூல் நீடித்து உழைக்கும். ஒற்றை இழையாகப் பஞ்சுபோல் இருக்கும் நூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் குதிகாலில் சீக்கிரம் தேயும். அதைத் தொப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இருமுனை ஊசிகளா, வட்ட ஊசியா?

எது கைக்கு ஒத்துவருகிறதோ அது. நான்கு அல்லது ஐந்து இருமுனை ஊசிகள் கொண்ட தொகுதி பழைய வழி. 80 முதல் 100 செ.மீ. நீளமுள்ள வட்ட ஊசியின் கம்பியைப் பக்கவாட்டில் வளையமாக இழுத்துவிட்டுப் பின்னுவதை மேஜிக் லூப் என்பார்கள். ஊசி கீழே விழும், கண்ணி நழுவும் என்று பயப்படுகிறவர்களுக்கு இது நிம்மதி. மெல்லிய நூலுக்கு 2.25 அல்லது 2.5 மி.மீ. ஊசி பொருந்தும். மூங்கில் ஊசியில் கண்ணி வழுக்காது. தொடக்கத்தில் அது உதவும்.

எத்தனை கண்ணிகள் போட வேண்டும்?

தயார் குறிப்பில் 64 என்று எழுதியிருக்கும். பலருக்கு அது பொருந்தியும் விடும். ஆனாலும் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்; அதன் பிறகு எந்தக் குறிப்பையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

பாதத்தின் அகலமான பகுதியைச் சுற்றி அளவெடுங்கள். 22 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே நூலிலும் ஊசியிலும் முன்கூட்டிப் பின்னிப் பார்த்த மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 32 கண்ணிகள் வந்தால், ஒரு செ.மீ.க்கு 3.2; 22 செ.மீ.க்கு 70. சாக்ஸ் காலைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால்தான் இழுபட்டு ஒட்டி நிற்கும். எனவே அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 63. ரிப்புக்கு நான்கால் வகுபட வேண்டும் என்பதால் 64.

மாதிரித் துண்டையும் வட்டமாகவே பின்னுங்கள். பலருக்கு நிட் வரியும் பர்ல் வரியும் ஒரே இறுக்கத்தில் வருவதில்லை. தட்டையாகப் பின்னிய துண்டு உங்கள் கையைப் பற்றிப் பொய் சொல்லும். துண்டைக் கழுவி, காய்ந்த பிறகே அளவெடுங்கள்.

மேல் விளிம்பு குதிகாலைத் தாண்டி ஏறவே இல்லை. என்ன செய்வது?

கண்ணி போட்டது இறுக்கம். ஒரு ஊசிக்குப் பதிலாக அடுத்த அளவு பெரிய ஊசியில் போடலாம் என்று பலர் சொல்வார்கள். அதைவிடப் பயன் தருவது, ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவே சிறிது இடைவெளி விட்டு, விரல் நுனியால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைப் போடுவது. விளிம்பின் நெகிழ்ச்சி அந்த இடைவெளியில் கிடக்கும் நூலில்தான் இருக்கிறது. சாக்ஸை முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால், போட்ட விளிம்பை வெட்டிப் பிரித்து, திறந்த கண்ணிகளை ஊசியில் எடுத்து, நெகிழ்வான முறையில் மூடிவிடலாம். முழுச் சாக்ஸையும் பிரிக்கத் தேவையில்லை.

ஊசிகள் சந்திக்கும் இடத்தில் ஏணிபோல் கோடு விழுகிறது.

இரண்டு ஊசிகளுக்கு நடுவே கூடுதல் நூல் தேங்குவதால் வருவது. எல்லோரும் அடுத்த ஊசியின் முதல் கண்ணியை இறுக்கி இழுப்பார்கள். இரண்டாவது கண்ணியைப் பின்னிய பிறகு இழுத்துப் பாருங்கள், அதுதான் முதல் கண்ணியை உண்மையில் பிடித்து நிறுத்துகிறது. சில சுற்றுகளுக்கு ஒருமுறை ஓரிரு கண்ணிகளைப் பக்கத்து ஊசிக்கு மாற்றினால் கோடு ஒரே இடத்தில் விழாது. மெல்லிய ஏணி முதல் கழுவலிலேயே பெருமளவு மறைந்துவிடும்.

குதிகால் திருப்புவது எனக்குப் புரியவே இல்லை. எளிமையாகச் சொல்ல முடியுமா?

படித்துப் புரிந்துகொள்ள முயன்றால் யாருக்கும் புரியாது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் செய்துபாருங்கள். கை செய்துகாட்டிய பிறகு மனம் புரிந்துகொள்ளும். எனக்கு முதல் முறை குதிகால் திரும்பியபோது, தட்டையாக இருந்த துணி ஒரு கிண்ணமாகக் குவிந்ததை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் ஒவ்வொரு சாக்ஸிலும் அந்த இடத்துக்காகவே காத்திருக்கிறேன்.

64 கண்ணிகளில் பாதி, அதாவது 32 கண்ணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற 32 பாதத்தின் மேற்புறத்துக்கானவை. அவை சும்மா காத்திருக்கட்டும். எடுத்த 32இல் மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரிகள் பின்ன வேண்டும். இதுதான் குதிகால் மடல். ஒவ்வொரு வரியிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் நகர்த்துங்கள். நேர்ப்பக்க வரியில் ஒரு கண்ணியை நகர்த்தி ஒரு கண்ணியை நிட் செய்தபடி போனால் துணி இரட்டைத் தடிமனாகும். செருப்பும் ஷூவும் உரசும் இடத்துக்கு அந்தத் தடிமன் தேவை.

இப்போது திருப்பம். நேர்ப்பக்கத்தில் முதல் கண்ணியை நகர்த்துங்கள், 16 நிட், அடுத்த இரண்டை இடப்பக்கம் சாய்வாகச் சேர்த்து ஒன்றாக்குங்கள், இன்னும் ஒரு நிட். வரி முடியவில்லை, ஆனாலும் இங்கேயே திருப்புங்கள். மறுபக்கத்தில் ஒன்றை நகர்த்தி, 3 பர்ல், இரண்டைச் சேர்த்து ஒரு பர்ல், இன்னும் ஒரு பர்ல், மீண்டும் திருப்புங்கள். இப்போது இரு பக்கமும் 12 கண்ணிகள் தொடப்படாமல் இருக்கும். பின்னிய பகுதிக்கும் தொடாத பகுதிக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி தெரியும். இனி ஒவ்வொரு வரியிலும் முதல் கண்ணியை நகர்த்தி, அந்த இடைவெளிக்கு ஒரு கண்ணி முன்பு வரை பின்னி, இடைவெளியின் இரு கரையிலும் உள்ள கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, மேலும் ஒன்று பின்னித் திருப்ப வேண்டும். எல்லாக் கண்ணிகளும் தீரும்போது ஊசியில் 18 இருக்கும். 18 வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

அடுத்து மடலின் இரு ஓரங்களிலும், நகர்த்திய கண்ணிகள் சங்கிலிபோல் நிற்கும் இடத்திலிருந்து, பக்கத்துக்கு 16 கண்ணிகள் எடுங்கள். 18, 16, 16, காத்திருந்த 32 சேர்ந்து 82. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குறைத்துக்கொண்டே போனால், 9 குறைப்புச் சுற்றுகளில் மீண்டும் 64.

மடலும் மேற்புறமும் சேரும் மூலையில் ஓட்டை விழுகிறது.

அந்த மூலையில் ஒரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துக் குறைத்துவிடுங்கள். அப்படியும் சிறு துளை எஞ்சினால், கடைசியில் நூல்முனையால் உட்புறம் இழுத்துத் தைத்துக்கொள்ளலாம். அதில் ஒன்றும் குறைவில்லை.

மேலிருந்து பின்னுவது நல்லதா, விரலிலிருந்து பின்னுவதா?

நூல் குறைவாக இருந்தால் விரலிலிருந்து. நூல் தீரும் வரை கணுக்காலை உயர்த்திக்கொண்டே போகலாம். ஆனால் அப்போது கடைசி விளிம்பை நெகிழ்வாக மூட வேண்டும். இரண்டு கண்ணிகளை நிட் செய்து, அவற்றை இட ஊசிக்குத் திருப்பி, பின்கால் (கண்ணியின் பின்பக்க நூல்) வழியாகச் சேர்த்துப் பின்னி மூடுவது எனக்குப் பிடித்த முறை.

விரல் முனையை எப்போது குறைக்கத் தொடங்குவது, எப்படி மூடுவது?

பாதத்தின் முழு நீளத்துக்கு ஏறத்தாழ 5 செ.மீ. குறைவாக இருக்கும்போது தொடங்குங்கள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் நான்கு குறைத்து 32 வரை வாருங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் நான்கு குறைத்து 16இல் நிறுத்துங்கள். மேலே 8, கீழே 8.

இவற்றைக் கிச்னர் தையலால் இணைத்தால் மடிப்பே தெரியாது. நூலை 40 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, இரண்டு பின்னல் ஊசிகளையும் இணையாகப் பிடியுங்கள். முதலில் முன் ஊசியின் முதல் கண்ணியில் பர்ல் திசையில் நுழைந்து அதை ஊசியிலேயே விடுங்கள். பின் ஊசியின் முதல் கண்ணியில் நிட் திசையில் நுழைந்து அதையும் விடுங்கள். இனி வரிசை இது: முன் ஊசியில் நிட் திசை, கழற்று, பர்ல் திசை, விடு. பின் ஊசியில் பர்ல் திசை, கழற்று. நிட் திசை, விடு. இதைச் செய்யும்போது யாருடனும் பேசாதீர்கள். நடுவில் நிறுத்த நேர்ந்தால் பின் ஊசி முடிந்த பிறகே நிறுத்துங்கள்.

பழங்காலத்திலும் சாக்ஸ் இப்படித்தான் பின்னினார்களா?

எகிப்தில் கிடைத்த, 1,500 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான சிவப்புக் கம்பளிச் சாக்ஸ் ஜோடி ஒன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செருப்போடு அணிவதற்காகப் பெருவிரல் தனியாகப் பிரிந்திருக்கும். பார்த்தால் பின்னல் போலவே தெரியும், ஆனால் அது ஒற்றை ஊசியால் நூலை முடிச்சு முடிச்சாகக் கோத்துச் செய்தது. இரண்டு ஊசிப் பின்னல் அதற்கு வெகுகாலம் பிந்தியது. 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். அதற்குப் பிறகும் கைப்பின்னல் நிற்கவில்லை.

இருபது சுற்றுக்கு முன்பு ஒரு தவறு. பிரிக்க வேண்டுமா?

ஒரு நிட் பர்லாக மாறியிருந்தால், அந்த ஒரு கண்ணியை மட்டும் கீழே வரை நழுவவிட்டு, கொக்கி ஊசியால் ஏணிப் படிகளை ஒவ்வொன்றாக ஏற்றிச் சரிசெய்யலாம். கண்ணி எண்ணிக்கை தவறியிருந்தாலோ, அளவு பொருந்தவில்லை என்றாலோ பிரியுங்கள். பொருந்தாத சாக்ஸை முடிப்பதற்குச் செலவாகும் நேரம், பிரித்துப் பின்னும் நேரத்தைவிட வீண். குதிகால் தொடங்கும் முன் வேறு நிறத்து மெல்லிய நூல் ஒன்றை எல்லாக் கண்ணிகள் வழியாகவும் கோத்து வைத்துவிட்டால், அதற்கு மேல் எது நடந்தாலும் அந்த நூல் வரை அச்சமின்றிப் பிரிக்கலாம்.

முதல் சாக்ஸ் முடிந்தது. இரண்டாவதைத் தொடங்க மனம் வரவில்லை.

இது மிகப் பலருக்கு நேர்கிறது. முதல் சாக்ஸில் ஒவ்வொரு திருப்பமும் புதிது. இரண்டாவதில் எல்லாம் தெரிந்தது. அந்தச் சலிப்பை மன உறுதியால் வெல்லச் சொல்ல மாட்டேன். ஏற்பாட்டால் வெல்லலாம். முதல் சாக்ஸை மூடிய அதே நாளில், நூல்முனையைக்கூட மறைக்காமல், இரண்டாவதற்குக் கண்ணி போட்டு ரிப்பில் இரண்டு சுற்று பின்னிவிட்டுத் தூங்குங்கள். தொடங்காத வேலை கனமாகத் தெரியும். தொடங்கிய வேலை கையை இழுக்கும்.

முதலாவதைப் பின்னும்போதே எண்ணிக்கைகளை எழுதிவையுங்கள்: ரிப் எத்தனை சுற்று, கணுக்கால் எத்தனை, மடல் எத்தனை வரி, பாதம் எத்தனை. நினைவில் இருக்கும் என்று நம்பினால் இரண்டாவது சாக்ஸ் ஒரு விரல்கடை நீளமாக வரும். இன்னொரு வழி, 100 கிராம் உருண்டையைச் சமையலறைத் தராசில் நிறுத்து 50, 50 ஆகப் பிரித்து, நீண்ட வட்ட ஊசியில் இரண்டு சாக்ஸ்களையும் அருகருகே ஒரே நேரத்தில் பின்னுவது. மெதுவாகப் போவதுபோல் தோன்றும். ஆனால் முடியும்போது ஜோடியாக முடியும்.

பெட்டி நிறையப் பாதியில் நின்ற வேலைகள். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் உங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். நின்றுபோன வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். நான் பார்த்த அளவில், நின்ற இடத்தில் ஏறக்குறைய எப்போதும் ஒரு முடிவெடுக்கப்படாத கேள்வி இருக்கிறது. குட்டிப் பையில் பட்டன் வைப்பதா, கயிறு வைப்பதா என்று தெரியவில்லை. பொம்மையின் கண் எங்கே வரவேண்டும் என்று தெரியவில்லை. சாக்ஸ் அகலமாகிவிட்டதோ என்று சந்தேகம், போட்டுப் பார்க்கப் பயம். கை நிற்கவில்லை, பதில் கிடைக்காமல் மனம் நின்றுவிட்டது.

ஆகவே ஒரு மாலையை ஒதுக்கி, எதையும் பின்னாமல், ஒவ்வொரு வேலையோடும் ஒரு சீட்டு வையுங்கள். அதில் மூன்று வரி போதும்: நின்ற இடம், அங்கே இருக்கும் கேள்வி, அடுத்துச் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயல். “முடிக்க வேண்டும்” என்று எழுதாதீர்கள், அது செயல் அல்ல. “இடது காலில் போட்டுப் பார்”, “12 மி.மீ. பட்டன் இரண்டு எடு” என்பவை செயல்கள். ஊசி அளவையும் எழுதுங்கள். ஊசியை வேறு வேலைக்கு உருவிக்கொண்ட பிறகு, இது எந்த ஊசியில் பின்னியது என்று தெரியாமலே கைவிடப்பட்டவை ஏராளம்.

பிறகு, மிகக் குறைந்த வேலை மிச்சமிருப்பதை முதலில் எடுங்கள். மிக அழகானதை எடுக்க ஆசை வரும், வேண்டாம். அரை மணியில் ஒன்று முடிந்து பெட்டியை விட்டு வெளியே போனால் அடுத்ததை எடுக்கக் கை தானாக நீளும்.

சிலவற்றை முடிக்கவே விருப்பமில்லை. கைவிடலாமா?

பிரித்து நூலை மீட்டுக்கொள்ளுங்கள். சிட்டமாக (பெரிய வளையமாக)ச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தொங்கவிட்டால் நூலின் சுருக்கம் போய்விடும்.

நூல்முனைகளை மறைப்பதுதான் எனக்குப் பெரும் பாரம்.

அதை விடுபட்ட சில்லறை வேலையாக நினைப்பதால்தான் பாரம். பின்னலின் மற்ற பகுதிகளுக்குத் தந்த கவனத்தை இதற்கும் தாருங்கள். பகல் வெளிச்சத்தில், அதற்கென்று நேரம் வைத்து உட்காருங்கள். மழுங்கிய முனையுள்ள ஊசியால், உட்புறத்தில் ஒரு கண்ணியின் பாதையை அப்படியே தொடர்ந்து 5 முதல் 8 செ.மீ. போய், திசை மாற்றிச் சிறிது திரும்பி வந்து, துணியை இழுத்துப் பார்த்த பிறகு வெட்டுங்கள். முடிச்சு வேண்டாம், நடக்கும்போது உறுத்தும். நிறம் மாற்றும் இடங்களில் முனைகளை அன்றன்றே மறைத்துவிடுவது நல்லது.

கழுவி வடிவம் கொடுப்பது அவசியமா?

அவசியம். வெதுவெதுப்பான நீரில் சிறிது மென்மையான சோப்பு விட்டு 20 நிமிடம் ஊறவையுங்கள். முறுக்கிப் பிழியாமல், டவலில் சுருட்டி அழுத்துங்கள். கையால் நீவி வடிவம் கொடுத்து நிழலில் தட்டையாகக் காயவிடுங்கள். கோணலாக நின்ற கண்ணிகள் எல்லாம் இதில் வரிசைக்கு வந்துவிடும். வெந்நீரும் உரசலும் சேர்ந்தால் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகும். அதைத் திரும்ப விரிக்க முடியாது. சூப்பர்வாஷ் என்று லேபிளில் இருந்தால் அந்தச் செதில்கள் பதப்படுத்தப்பட்டவை, ஆபத்து குறைவு.

குதிகால் தேய்ந்து ஓட்டையானால்?

ஓட்டை விழும் முன்பே பிடித்துவிடுங்கள். துணி மெலிந்து வெளிச்சம் தெரியத் தொடங்கும்போது, அதே கண்ணிகளின் மேல் புதிய நூலை ஓட்டி இரட்டிப்பாக்கினால் போதும். ஓட்டை விழுந்துவிட்டால் அடியில் ஒரு வழவழப்பான மரக் கரண்டியை வைத்து, சுற்றியுள்ள நல்ல கண்ணிகளில் தொடங்கி நெடுக்காக இழைகளை ஓட்டி, பிறகு குறுக்காக மேலும் கீழுமாக நெய்துவிடுங்கள். வேறு நிறத்தில் செய்தாலும் அழகாகவே இருக்கும்.

பரிசாகக் கொடுக்கப்போகிறேன். கூடவே என்ன வைக்கலாம்?

எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒரு சிறு சீட்டு. ஒட்டுப்போட உதவும் வகையில், அதே நூலில் 5 கிராம், ஒரு அட்டையில் சுற்றி.